தண்ணி மாத்திரை எல்லாம் ஒரே மாத்திரை அல்ல

சுகாதாரப் பகுதி
எழுதுபவர்: தோட்ட மருத்துவமனை உதவியாளர், கோலசிலாங்கூர் வட்டாரம்



‘தண்ணி மாத்திரை’ என்ற சொல்லை அறியாத வீடு இன்று நம் தோட்டங்களில் இல்லை. பிரஷருக்குக் கொடுத்தாலும் தண்ணி மாத்திரைதான். இருதயம் பலவீனமானவருக்குக் கொடுத்தாலும் தண்ணி மாத்திரைதான். கல்லீரல் கெட்டு வயிறு வீங்கியவருக்குக் கொடுத்தாலும் அதே பெயர்தான். பெயர் ஒன்றாகிப் போனதால் மருந்தும் ஒன்றுதான் என்று நம் மக்கள் முடிவு கட்டிவிட்டார்கள்.

இதனால் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. ஒன்று, இரவல். பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கால் வீங்கினால், “எங்க வீட்டுக்காரருக்குக் கொடுத்தது இருக்கு, ரெண்டு போட்டுப் பாருங்க” என்று அள்ளிக் கொடுப்பது. இரண்டு, நிறுத்தம். குலை வெட்டப் போகிறவர், “இதப் போட்டா நாலு வாட்டி ஒதுங்கணும், வேலைக்காட்டுல எங்க போறது?” என்று யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை டப்பாவிலேயே விட்டுவிடுவது.

இரண்டுமே ஆபத்தானவை. தண்ணி மாத்திரை சாப்பிடும் ஒவ்வொருவரும் மூன்று விஷயங்களைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. அதன் பெயர் என்ன? அது சிறுநீரகத்தில் எந்த இடத்தில் வேலை செய்கிறது? அடுத்த இரத்தப் பரிசோதனை எப்போது? “இதெல்லாம் டாக்டருங்க சமாச்சாரம், கூலி வேலை செய்றவனுக்கு எதுக்கு?” என்று சிலர் சொல்வார்கள். எந்த உரத்தை எந்த மரத்துக்கு எவ்வளவு போடுவது என்று தெரிந்த நம் மக்களுக்கு இது புரியாதா என்ன?

இது யாரோ சிலருடைய பிரச்சினையும் அல்ல. 2023-ஆம் ஆண்டு சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்கள் நூறு பேரில் சுமார் 29 பேருக்கு இரத்த அழுத்த நோய் இருக்கிறது. ஏறக்குறைய பத்துப் பேரில் மூவர்! அவர்களில் பலருடைய மருந்துப் பொட்டலத்தில் ஏதாவது ஒரு தண்ணி மாத்திரை இருக்கும்.

சிறுநீரகம் ஒரு பரிட்டு

நம் கடலோரத் தோட்டங்கள் தாழ்ந்த களிமண் நிலங்கள். பரிட்டும் பானும் தண்ணிக் கதவும் இல்லாவிட்டால் இங்கே ஒரு செம்பனையும் நிற்காது. எவ்வளவு நீர் நிற்கவேண்டும், எவ்வளவு வெளியேற வேண்டும் என்று பார்த்துப் பார்த்துத்தான் பரிட்டு வெட்டியிருக்கிறார்கள். நம் உடம்பில் இந்த வேலையைச் செய்வது சிறுநீரகம்.

இடுப்புக்கு மேலே, முதுகெலும்பின் இரு பக்கமும், கைமுட்டி அளவில் இரண்டு சிறுநீரகங்கள். ஒவ்வொன்றிலும் சுமார் பத்து லட்சம் நுண்ணிய குழாய்கள். இந்தக் குழாய்கள்தான் பரிட்டுகள். இரத்தம் சல்லடையில் வடிந்து, ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீர் இந்தப் பரிட்டுகளில் விழுகிறது. ஆனால் நாம் சிறுநீராக வெளியே விடுவது ஒன்றரை லிட்டர் அளவுதான். மீதி அத்தனையும் வழியிலேயே இரத்தத்துக்குத் திரும்ப இழுக்கப்படுகிறது.

எப்படி இழுக்கிறது? முதலில் உப்பை இழுக்கிறது. உப்பு போன வழியே தண்ணீரும் போகும். நறுக்கிய மாங்காயில் உப்பைப் போட்டு வைத்தால் சிறிது நேரத்தில் தண்ணீர் விட்டுக்கொள்கிறதே, அந்தச் சங்கதிதான்.

பரிட்டின் ஓரம் நான்கு இடங்களில் ஆட்கள் நின்று உப்பை அள்ளி இரத்தத்துக்குள் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் இடத்தில் மூன்றில் இரண்டு பங்கு உப்பு அள்ளப்படுகிறது. இரண்டாவது, கொண்டை ஊசிபோல் வளைந்த இடம். அங்கே நூற்றுக்கு 25 பங்கு. மூன்றாவது இடத்தில் நூற்றுக்கு 5 பங்கு அளவு. நான்காவது, கடைசி வாய்க்கால். அங்கே 2 அல்லது 3 பங்கு.

தண்ணி மாத்திரை என்பது இந்த நான்கில் ஏதாவது ஓர் இடத்தில் போய் நின்று, “இங்கே அள்ளாதே” என்று தடுக்கும் மருந்து. அள்ளாத உப்பு தண்ணீரையும் சேர்த்துக்கொண்டு சிறுநீராக வெளியே போய்விடும். எந்த இடத்தில் தடுக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அதன் வேகமும், நன்மையும், ஆபத்தும்.

எந்த மாத்திரை எந்த இடத்தில்?

முதல் இடத்தில் வேலை செய்வது அசிட்டசோலமைட். உப்பு மிக அதிகமாக அள்ளப்படும் இடம் இதுதான். ஆகவே இதுவே பலத்த மருந்தாக இருக்கும் என்று நினைப்போம். அப்படி இல்லை. மேலே விட்ட உப்பைக் கீழே நிற்பவர்கள் கூடுதலாக உழைத்து அள்ளிவிடுகிறார்கள். அதனால் இன்று இதை வீக்கத்துக்கு அதிகமாகக் கொடுப்பதில்லை. கண் அழுத்த நோய்க்குத்தான் பெரும்பாலும் பயன்படுகிறது. சர்க்கரை நோய்க்கும் இருதய நோய்க்கும் கொடுக்கப்படும் டாப்பாகிளிஃப்ளோசின், எம்ப்பாகிளிஃப்ளோசின் என்ற மருந்துகளும் இந்த முதல் இடத்தில்தான் வேலை செய்கின்றன. சர்க்கரையை வெளியே விடும்போது கொஞ்சம் உப்பும் நீரும் கூடவே போகும்.

இரண்டாம் இடத்தில் ஃப்ருசமைட். நம் மக்கள் ‘லாசிக்ஸ்’ என்று சொல்வது இதைத்தான். பெரிய தண்ணிக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி! நூற்றுக்கு 25 பங்கு உப்பை அள்ளும் இடத்தையே மூடிவிடுவதால், கீழே நிற்பவர்களால் சமாளிக்க முடியாது. வாய்வழி சாப்பிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் வேலை தொடங்கி, ஆறு மணி நேரம் வரை ஓடும். இருதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கோத்து, படுக்க முடியாமல் மூச்சு வாங்குகிறவருக்கு இது உயிர்காக்கும் மருந்து. சிறுநீரகம் மிகவும் பழுதடைந்தவர்களுக்கும் பெரும்பாலும் இதையே கொடுப்பார்கள்.

மூன்றாம் இடத்தில் ஹைட்ரோகுளோரோதயசைட், இன்டாபமைட், குளோர்தாலிடோன் போன்றவை. இது சின்னக் கதவு. பிரஷருக்குக் கொடுக்கும் தண்ணி மாத்திரை பெரும்பாலும் இந்த ரகம்தான். முதல் சில நாட்கள் சிறுநீர் கொஞ்சம் கூடும். பிறகு அது அடங்கிவிடும். ஆனால் இரத்தக் குழாய்கள் தளர்ந்து, பிரஷர் இறங்கியபடியே இருக்கும். “நிறைய ஒண்ணுக்குப் போகல, மாத்திரை வேலை செய்யல” என்று நினைத்து இதை நிறுத்துகிறவர்கள் உண்டு. சிறுநீரின் அளவை வைத்து இந்த மாத்திரையை எடை போடக்கூடாது; பிரஷரை அளந்துதான் பார்க்க வேண்டும்.

நான்காம் இடத்தில் ஸ்பைரோனோலாக்டோன், அமிலோரைட். தனியாகப் பார்த்தால் பலம் குறைவு. ஸ்பைரோனோலாக்டோன் வேலை காட்டவே இரண்டு மூன்று நாள் ஆகும். ஆனால் கல்லீரல் கெட்டு வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கு இதுதான் முதல் மருந்து. இருதய பலவீனத்துக்கும் இது ஆயுளைக் கூட்டுகிறது என்று 1999-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு காட்டியது.

இந்த ரகங்கள் ஒரே நாளில் பிறந்தவை அல்ல. 1919-இல் வியன்னா நகரில், ஆல்ஃபிரட் ஃபோகல் என்ற மருத்துவ மாணவர், மேக நோய்க்குப் போட்ட பாதரச ஊசியால் ஒரு நோயாளிக்குச் சிறுநீர் பெருகியதைக் கவனித்தார். அதன்பின் பல ஆண்டுகள் பாதரசம்தான் தண்ணி மருந்து. விஷமும் அதுதான்! 1949-இல் அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஷ்வார்ட்ஸ், கிருமிகளைக் கொல்லும் சல்ஃபா மருந்து வீக்கத்தையும் குறைப்பதைக் காட்டினார். அந்த வழியில் தேடிப் போய்த்தான் 1958-இல் குளோரோதயசைட் என்ற மாத்திரை விற்பனைக்கு வந்தது. ஃப்ருசமைட் 1960-களில் வந்தது.

“மலிவு மாத்திரையைக் கொடுத்து ஏமாத்துறாங்க” என்று சில தோழர்கள் குறைப்படுகிறார்கள். வட அமெரிக்காவில் 33,000-க்கும் அதிகமானவர்களிடம் நடத்தி 2002-இல் வெளியிட்ட ஆய்வில், பழைய மலிவான குளோர்தாலிடோன் விலை உயர்ந்த புதிய பிரஷர் மருந்துகளுக்குச் சற்றும் சளைக்கவில்லை என்று தெரிந்தது. விலையை வைத்து மருந்தை மதிக்க வேண்டாம்.

பொட்டாசியம் என்ற கணக்கு

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். நம் உடம்பில் பொட்டாசியம் என்று ஒரு சத்து உண்டு. தசை இயங்கவும் இருதயம் ஒழுங்காகத் துடிக்கவும் அது சரியான அளவில் இருக்க வேண்டும். குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து.

இரண்டாம் இடத்திலோ மூன்றாம் இடத்திலோ மாத்திரை தடுத்துவிட்ட உப்பு, வெள்ளமாகக் கடைசி வாய்க்காலுக்கு வருகிறது. அங்கே நிற்பவர்கள் உப்பை அள்ளி உள்ளே போடும்போது, அதற்கு மாற்றாகப் பொட்டாசியத்தை வெளியே தள்ளுகிறார்கள். ஆகவே லாசிக்ஸும் ஹைட்ரோகுளோரோதயசைட்டும் பொட்டாசியத்தைக் குறைக்கும். கெண்டைக்கால் பிடித்து இழுப்பது, கைகால் சோர்வது, நெஞ்சு படபடப்பது ஆகியவை அதற்கு அடையாளங்கள். அரிவாள் தூக்கிக் குலை வெட்டுகிறவருக்குக் கால் பிடித்தால் வேலைக் களைப்பு என்றுதான் நினைப்பார். மாத்திரையின் விளைவாகவும் இருக்கலாம்.

ஸ்பைரோனோலாக்டோன் அதற்கு நேர் எதிர். அது கடைசி வாய்க்காலையே மூடுவதால் பொட்டாசியம் உள்ளேயே தங்கும். அதோடு பெரிண்டோப்ரில், எனலாப்ரில் போன்ற பிரஷர் மருந்தும் சேர்ந்து, சிறுநீரகமும் பழுதாக இருந்தால், பொட்டாசியம் அளவுக்கு மீறி ஏறிவிடும். ஏறினால் வலிக்காது, வீங்காது. சத்தமில்லாமல் இருதயத்தை நிறுத்திவிடும்.

இதனால்தான் இரவல் கொடுப்பது கொலைக்குச் சமம் என்கிறேன். ஒருவருக்குப் பொட்டாசியத்தைக் குறைக்கிற மாத்திரை, மற்றவருக்கு அதை ஏற்றுகிற மாத்திரை. இரண்டுக்கும் பெயர் மட்டும் ‘தண்ணி மாத்திரை’!

“தண்ணி மாத்திரை சாப்பிட்டா இளநீர் குடிக்கணும்” என்றொரு பேச்சும் நம்மிடையே உலவுகிறது. இளநீரில் பொட்டாசியம் நிறைய உண்டு. ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடுகிறவரும் சிறுநீரகம் பழுதானவரும் அதைக் கண்டபடி குடிக்கக்கூடாது. கடையில் ‘உப்பு குறைந்த உப்பு’ என்று விற்கிறார்களே, அதில் பெரும்பாலும் பொட்டாசியம்தான் கலந்திருக்கிறது. அதுவும் அவர்களுக்கு ஆகாது. பிலிம்பிங் பழத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். சிறுநீரகம் பழுதானவர் நட்சத்திரம்போல் இருக்கும் அந்தப் பழத்தைத் தின்றால், ஓயாத விக்கல், மயக்கம், வலிப்பு என்று உயிருக்கே ஆபத்தாகலாம். வாசலில் மரம் காய்த்துக் கொட்டினாலும் தொடவேண்டாம்.

எல்லா வீக்கமும் தண்ணி மாத்திரைக்குக் கட்டுப்படாது

கால் வீக்கத்துக்குக் காரணங்கள் பல. இருதயம், கல்லீரல், சிறுநீரகம், யானைக்கால், நாள் முழுக்க நிற்பது என்று அடுக்கிக்கொண்டே போகலாம். பிரஷருக்குக் கொடுக்கும் அம்லோடிபின் மாத்திரையே சிலருக்குக் காலை வீங்க வைக்கும். அந்த வீக்கம் உடம்பில் உப்பும் நீரும் கூடியதால் வருவதன்று; நுண்ணிய குழாய்களிலிருந்து நீர் கசிவதால் வருவது. அதற்கு லாசிக்ஸ் போட்டால் வீக்கம் அவ்வளவாக வடியாது, உடம்புதான் காயும். டாக்டரிடம் சொன்னால் மருந்தை மாற்றுவார் அல்லது அளவைக் குறைப்பார்.

கர்ப்பிணித் தாய்மார்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். மாதம் ஏற ஏறக் கால் வீங்குவது சகஜம். அதற்குத் தண்ணி மாத்திரையைத் தொடவே கூடாது. வீக்கத்தோடு தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி என்று ஏதாவது வந்தால், அன்றே பிரஷரைப் பார்க்க வேண்டும். அது தாயையும் பிள்ளையையும் கொண்டுபோகக்கூடிய நோயாக இருக்கலாம்.

இன்னொரு சதிகாரன் வலி மாத்திரை. முட்டி வலி, முதுகு வலி என்று டைக்ளோஃபெனாக், மெஃபெனமிக் அமிலம் போன்றவற்றை வாங்கிப் போட்டால், அது சிறுநீரகத்துக்கு வரும் இரத்தத்தைக் குறைத்து, தண்ணி மாத்திரையின் வேலையையும் கெடுத்துவிடும். தண்ணி மாத்திரை, பெரிண்டோப்ரில் ரகம், வலி மாத்திரை மூன்றும் ஒன்று சேர்ந்தால் சிறுநீரகம் சில நாட்களிலேயே படுத்துவிடக்கூடும். பதிவு இல்லாத ஜாமு மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதாகச் சுகாதார அமைச்சு பல முறை எச்சரித்திருக்கிறது. ஸ்டீராய்டு உப்பைத் தேக்கும். ஒரு பக்கம் கதவைத் திறந்துவிட்டு மறு பக்கம் பானை உடைப்பது போன்ற காரியம் அது.

உப்பும் அப்படித்தான். காலையில் மாத்திரை, மதியம் கருவாடு, இரவில் மேகி மீ! மாத்திரை வெளியே தள்ளிய உப்பை நாமே வாய்வழி திரும்பப் போட்டால் மாத்திரை என்ன செய்யும்? உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது பழமொழி. பிரஷர்காரர் வீட்டில் அந்தப் பழமொழியைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்.

வேலைக்காட்டில் என்ன செய்வது?

மாத்திரையை நிறுத்துகிற தோழர்களைத் திட்டுவது எளிது. “படிக்காதவன், சொன்னா கேக்க மாட்டான்” என்று சொல்கிறவர்களும் உண்டு. நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். விடியுமுன் பெரட்டுக்குப் போய், மதியம் வரை காட்டில் நிற்கிறார். கக்கூசு லயத்தில் இருக்கிறது. வேலை மூன்று மைல் தள்ளி இருக்கிறது. ஆண்கள் மரத்தடியில் ஒதுங்கலாம். உதிரிப் பழம் பொறுக்கும், மருந்து அடிக்கும் பெண்கள் எங்கே போவார்கள்? ஆகவே மாத்திரையை விடுகிறார்கள். அதைவிட மோசம், மாத்திரையைப் போட்டுக்கொண்டு தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். வெயில், வியர்வை, மாத்திரை மூன்றும் சேர்ந்தால் தலைசுற்றி விழுவதும் சிறுநீரகம் வற்றுவதும் நடக்கும்.

இதற்கு வழி உண்டு. லாசிக்ஸ் ஆறு மணி நேரம்தான் ஓடும் என்று சொன்னேன் அல்லவா? காலை ஐந்து மணிக்குப் போடுவதற்குப் பதிலாக, வேலை முடிந்து வந்து மதியம் இரண்டு மணிக்குப் போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பலருக்கு அது ஒத்துவரும். படுப்பதற்குள் மருந்தின் வேகமும் அடங்கிவிடும். ஹைட்ரோகுளோரோதயசைட் ரகமாக இருந்தால், சில நாட்களில் சிறுநீர்த் தொல்லை தானே குறையும். பயந்து நிறுத்தத் தேவையில்லை. அந்த ரகத்தால் சிலருக்கு வெயில் பட்ட தோல் தடிக்கும். முழுக்கைச் சட்டையும் தொப்பியும் போடுங்கள்.

வயிற்றுப்போக்கு, வாந்தி, கடும் காய்ச்சல் வந்து சாப்பிட முடியாத நாளில் தண்ணி மாத்திரையை வழக்கம்போல் விழுங்காதீர்கள். அன்றே கிளினிக்குக்கு வந்தோ போன் செய்தோ கேளுங்கள். அந்த நாட்களில் சில மருந்துகளை நிறுத்தி வைக்க வேண்டியிருக்கும். இருதய நோயாளிகள் தினமும் காலையில் எடை பாருங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதை அல்ல, தண்ணீர். காத்திருக்காமல் வந்துவிடுங்கள்.

ஆனால் தொழிலாளி மட்டும் திருந்தினால் போதாது. 1994-ஆம் ஆண்டு தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், வேலையிடத்தில் தொழிலாளர் நலனுக்குப் போதிய வசதிகள் இருக்கவேண்டும் என்று, நடைமுறைக்கு இயன்ற அளவில், முதலாளிமீது கடமை விதிக்கிறது. வேலைக்காடும் வேலையிடம்தானே! நல்ல குடிநீரும், பெண்கள் மானத்தோடு ஒதுங்க ஒரு மறைவிடமும் கேட்பது ஆடம்பரம் அல்ல. மருந்து வேலை செய்ய அது தேவை. எங்களைப் போன்ற மருத்துவ உதவியாளர்களுக்கும் ஒரு கடமை இருக்கிறது. பொட்டலத்தை நீட்டும்போது, “தண்ணி மாத்திரை, காலையில ஒண்ணு” என்று முடித்துவிடாமல், பெயரையும் ரகத்தையும் தமிழில் சொல்லிக் கொடுக்க வேண்டும். புதிதாக ஆரம்பித்தவருக்கும், அளவு கூட்டியவருக்கும், சில வாரங்களுக்குள் பொட்டாசியமும் சிறுநீரகமும் இரத்தத்தில் பார்க்கப்பட வேண்டும். அந்தத் தேதியைப் புத்தகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். பரிசோதனைக்குப் பட்டணம் போகும் நாளில் அரைநாள் சம்பளம் போகும் என்ற பயம் தொழிலாளிக்கு இருக்கக்கூடாது.

தோழர்களே, இன்றிரவு உங்கள் வீட்டு மருந்து டப்பாவைத் திறந்து பாருங்கள். தமிழ்ப்பள்ளியில் படிக்கும் பிள்ளையை விட்டு ஒவ்வொரு பொட்டலத்தின் பெயரையும் படிக்கச் சொல்லுங்கள். ஒரு தாளில் எழுதி டப்பாவுக்குள் வையுங்கள். எது எந்த ரகம் என்று தெரியாவிட்டால் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்கு வாருங்கள். பக்கத்து வீட்டார் வந்து தண்ணி மாத்திரை கேட்டால் மாத்திரையைக் கொடுக்காதீர்கள். கையோடு அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.